வலது கால் மட்டும்

வலது கால் மட்டும்தான் செல்லும்.
இடது காலையும் நீட்டி
ஒரே பறவைக்கு இரண்டு முறை
காசு கேட்டவர்கள் இருந்தார்கள்,
அதனால் இந்த விதி.

தீவு அலுவலகத்தில் என் மேஜைமேல்
மூடி போட்ட ஐஸ்கிரீம் டப்பா,
பக்கத்தில் கோடு போட்ட பேரேடு.
கால் ஒன்றுக்கு இரண்டு டாலர்.
மஞ்சள் கால்கள். காயக் காய
பழைய வெனிலா நெற்றுப்போலச் சுருளும்.

மைனாவுக்கு எங்கள் பேச்சில் பெயர்
அரசாங்கப் பறவை.
தென்னையை மொட்டையடித்த குச்சிப்பூச்சியைத்
தின்னச் சொல்லி
கோட்டு போட்ட யாரோ ஒருவர்
கூண்டோடு கப்பலில் ஏற்றி அனுப்பினாராம்.
கோப்பில் கையெழுத்து இருக்கிறது.
அலைபோல, பெயர் புரியாத கையெழுத்து.

வந்தது பூச்சியைத் தின்றது.
பப்பாளியைத் தின்றது, தக்காளியைத் தின்றது,
நாய்க்குப் போட்ட ரொட்டியைத்
நாயின் எதிரிலேயே தின்றது.
பிறகு மரப்பொந்துகளைப் பார்வையிடத் தொடங்கியது.

தீவில் மொத்தம் எத்தனை பொந்து?
எங்கள் யாரிடமும் கணக்கில்லை.
அதனிடம் இருந்தது.

தாராமாய் பார்த்திருக்கிறான்:
பட்டுப்போன தென்னையில் மீன்கொத்தியின் வீடு.
(எங்கள் மீன்கொத்திக்கு மீனைத் தெரியாது.
பல்லி, வண்டு, அவ்வளவுதான்.)
ஒரு மைனா வாசலில் நின்று கத்த
இன்னொன்று உள்ளே போய்
முட்டையை அலகில் ஏந்தி வந்து
கீழே போட்டது.
தின்னவில்லை.
போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து
விழுந்த சத்தத்தைக் கேட்டது.
மாலைக்குள் அந்தப் பொந்தில்
புல்லும் ஒரு மிட்டாய்க் காகிதமும் குடியேறின.

சிவப்பு வயிற்றுக் கிளிக்குஞ்சு ஒன்றை,
கூட்டை விட்டு வெளியே வந்த முதல் நாளே,
நான்கு பேர் சேர்ந்து புல்லில் அமுக்கினார்கள்.
பேர் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

முதல் வருடம் பேரேடு போதவில்லை.
அகாய்தி என்ற பத்து வயதுப் பெண்
நாற்பத்தொரு காலைக் கொடுத்துத்
தன் இரண்டு காலுக்குச் செருப்பு வாங்கினாள்.

நான்காம் வருடம் ஒரு பக்கம் நிரம்ப
மூன்று மாதம் ஆனது.
மிச்சமிருந்தவை தாராமாயின் மோட்டார் சைக்கிளை
வளைவுக்கு அப்பாலேயே அடையாளம் கண்டன.
போதகரின் வண்டியை இரவல் வாங்கினான்.
மனைவியின் தேவாலயத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான்.
இரண்டு வாரம் பலித்தது.

கடைசியாக ஒன்றே ஒன்று.
துறைமுகத்தில், மீன் குளிரறையின் தகரக் கூரையில்.
விடிந்ததும் மார்பு இறகை உப்பி
தலையை மூன்று முறை தாழ்த்திக் கூவும்.
பிறகு கொஞ்சம் நிறுத்தும்.
துணை பதில் சொல்ல ஆகும் நேரம்
எவ்வளவோ, சரியாக அவ்வளவு.
பிறகு மறுபடி கூவும்.
நடுவில் ஒருநாள்
தாராமாயின் வண்டி கிளம்பும் சத்தத்தையும்
செய்து காட்டியது. படகுக்காரர்கள் சிரித்தார்கள்.
அவன் சிரிக்கவில்லை.

எட்டு மாதம் தப்பியது.
எட்டு மாதமும் அது தப்பியதா
இவன் தப்பவிட்டானா என்று
நான் கேட்டதில்லை, என் வேலை எண்ணுவது.

ஒரு செவ்வாய்க்கிழமை
காலை டப்பாவில் போட்டான்.
சத்தமே வரவில்லை, அவ்வளவு லேசு.
இரண்டு டாலரை எண்ணி வாங்கிக்கொண்டு
ரொட்டிக் கடைப் பக்கம் போனான்.

இப்போது அலுவலகக் கம்பியில்
மீன்கொத்தி உட்கார்ந்து
நாளெல்லாம் சளசளக்கிறது,
போனில் பேச முடியவில்லை.
வடக்குத் தோப்பில்
ஓலைகள் மறுபடி ஓட்டையாகின்றனவாம்.
கோட்டு போட்ட யாரும் இன்னும் வரவில்லை.

பேரேட்டில் பதினேழு பக்கம் காலி.
கிழித்துக் கணக்கெழுதக் கேட்ட
ரொட்டிக் கடைக்காரரிடம்
இல்லை என்று சொல்லிவிட்டேன்.